ஓரத்தில் ஒரு விரல்

1501-க்கு முன் ஐரோப்பாவில் அச்சான புத்தகத்தைத் திறந்தால் நான் முதலில் பார்ப்பது பக்க ஓரங்களைத்தான். யாரோ ஒருவர், தனக்குப் பிடித்த வரிக்கு நேராகச் சுட்டுவிரல் நீட்டிய சின்னக் கையை வரைந்திருப்பார். சில கைகளுக்குச் சட்டை மடிப்புகூட உண்டு!

அன்று புத்தகங்கள் பெரும்பாலும் பைண்டு செய்யாத தாள்களாகவே விற்கப்பட்டன. பைண்டிங், பகுதித் தொடக்கத்தில் கையால் வரையும் சிவப்பு நீல முதலெழுத்துகள் எல்லாம் பல சமயம் வாங்கியவர் பொறுப்பு. அந்த எழுத்துக்காக விட்ட இடத்தில், எந்த எழுத்து வரவேண்டும் என்று பொடியாக ஒரு குறிப்பு மட்டும் அச்சில் இருக்கும். சில பிரதிகளில் அந்த இடம் இன்றும் வெறுமையாகவே கிடக்கிறது. அதனால்தான் ஒரே பதிப்பின் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்துப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

அப்புறம், அழிக்கப்பட்ட பெயர்கள். முந்தைய உரிமையாளரின் பெயரை அடுத்தவர் சுரண்டியிருப்பார். புற ஊதா ஒளியில் சில சமயம் அது மங்கலாக எழுந்துவரும். போன வாரம் அப்படி நான்கு எழுத்துகள் தெரிந்தன. ஐந்தாவதுக்காக நாளை மறுபடி போகிறேன்.