ஓடும்ங்க சார்

"இப்போதைக்கு ஓடுமா?" என்று கேட்டார். "ஓடும்ங்க சார்" என்றேன். பேச்சு அவ்வளவுதான். எட்டு மாதம் ஆகிறது, அந்த ஒரு சொல்லை நான் சொல்லியிருக்கலாமா கூடாதா என்று இன்னும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். வண்டி அவருடைய அப்பா வாங்கிய மார்க் 2 அம்பாசடர். பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு, எப்போதோ யாரோ 1995 சிசி இசுசு டீசலை இறக்கியிருந்தார்கள். ரேடியேட்டரை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். இன்ஜின் மாறினால் ஃபேன் நிற்கும் இடமும் மாறும். இதில் ரேடியேட்டர் நடுவுக்கு 2 இன்ச் கீழே, ஒரு பக்கமாக ஒதுங்கிச் சுற்றியது. காற்று சிதறாமல் ஃபேனைச் சுற்றி மாட்டுகிற கவரும் கிடையாது. பைபாஸில் 60-ல் போனால் எதிர்க்காற்றே போதும். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் செகண்ட் கியரில் ஊர்ந்தால்தான் ஹீட் காட்டுகிற முள் சிவப்புக்குப் போய்விடும். ரேடியேட்டர் அடைப்பு எடுத்துப் பார்த்து, சூட்டுக்குத் தக்கபடி தண்ணீரைத் திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட்டும் மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கொண்டுவந்தார்.

கவர் இல்லாத ஃபேன் தனக்கு நேர் எதிரே இருக்கிற வட்டத்தில் மட்டும்தான் காற்றை இழுக்கும். மூலைகள் சும்மா கிடக்கும். இறக்கை நுனியைச் சுற்றி சூடான காற்றே திரும்ப முன்னால் வரும். அதனால் அட்டையில் அளவு வெட்டி, 20 கேஜ் தகட்டில் ரேடியேட்டர் முழுவதையும் மூடுகிற பெட்டி அடித்தேன். ஃபேன் இருக்கும் இடத்தில் வளையம் வைத்து, இறக்கையின் பாதி அகலம் உள்ளே இருக்கும்படி செய்தேன். அந்த வேலையில் எனக்கு இப்போதும் குறை தெரியவில்லை.

குறை வளையத்துக்கும் இறக்கை நுனிக்கும் நடுவே விட்ட இடைவெளியில் இருந்தது. கவர் ரேடியேட்டரோடு பாடியில் நிற்கிறது, ஃபேன் இன்ஜினோடு ஆடுகிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்ச்சை லேசாக விடச் சொல்லிப் பார்த்தேன். இன்ஜின் அரை இன்ச்சுக்கு மேல் புரண்டது. இன்ஜினைத் தாங்குகிற மவுண்டிங் ரப்பர் இரண்டும் வெடித்திருந்தன.

"சார், இதை மாத்திட்டு மாட்டுறதுதான் சரி."

"அடுத்த மாசம் பென்ஷன் வரட்டும்ப்பா. வெள்ளிக்கிழமை சேலம் போயே ஆகணும்." அப்புறம்தான் அந்தக் கேள்வி.

சுற்றிலும் முக்கால் இன்ச் விட்டேன். ரப்பர் அமுங்கினால் இன்ஜின் கீழே இறங்கும், அதனால் கீழ்ப்பக்கம் கூடுதலாக விட வேண்டும் என்று தெரியாதவன் இல்லை. ஆனால் இடைவெளி கூடக் கூட கவர் வைத்த பயன் குறையும். நான் யோசித்தது காற்றுக்காக. வளையம் உருண்டையாக, அழகாக வந்திருந்தது என்பதும் ஒரு காரணம். அதை மறைக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்கு ஃபோன் வந்தது. ஏற்றத்தில் ஒரு பக்க மவுண்டிங் பிய்ந்து, இறக்கை வளையத்தை அடித்து, வளைந்த தகடு ரேடியேட்டரைக் கிழித்திருந்தது. நான் போய்ச் சேரும்வரை அவரும் அவர் மனைவியும் லாரிகள் உரசிப் போகிற அந்த ரோட்டோரத்தில் நின்றிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் சொன்னது இதுதான்: "கடைசி வரைக்கும் ஹீட் ஏறவே இல்லப்பா."

திட்டியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன். மாற்றச் சொன்னேனே, நீங்கள்தானே தள்ளிப்போட்டீர்கள் என்று. அது உண்மையும்கூட. ஆனால் அவர் கேட்டது ஓடுமா என்று. அவருக்குத் தெரியாததால்தான் கேட்டார். எனக்கு அந்த ரப்பரின் நிலைமை தெரியும். மாட்டாமல் அனுப்பியிருந்தாலோ அதே ஏற்றத்தில் கொதித்து நின்றிருப்பார். இப்படி மாறி மாறித்தான் யோசிக்கிறேன்.

ரேடியேட்டர் சரிசெய்த செலவு என்னுடையது, மவுண்டிங் அவர் செலவு. இரண்டு ரப்பரும் புதிது. பயத்தில் புது வளையத்தின் கீழ்ப்பக்கம் ஒன்றேகால் இன்ச் விட்டேன். போன வாரம் பேசினார். நான்கு ரோடு சந்திப்பில் நெரிசலில் நின்றால் முள் பாதியைத் தாண்டுகிறதாம். "மவுண்டிங்தான் புதுசாச்சே, பழைய மாதிரியே நெருக்கமா வெச்சிடலாமா?" என்று கேட்டார்.

"கொண்டுவாங்க சார், பார்க்கலாம்" என்றேன்.