பின்மூடியில் எஞ்சின் பொறித்த மணிக்கூடு

என்னிடம் இப்போது ஐந்து பழைய சுவிஸ் சட்டைப்பை மணிக்கூடுகள் இருக்கின்றன. (வன்னியில் சுவிஸ் என்றதும் மணிக்கூடு எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை, அங்கே இருக்கிற சித்தப்பாவோ மச்சானோதான் வருவார்.) முதலாவதை வாங்கத் தூண்டியது அதன் பின்மூடியில் பொறித்திருந்த ரயில் எஞ்சின். அம்மப்பா மாங்குளம் ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர். அவருடைய மணிக்கூடு இடப்பெயர்வுகளில் எங்கோ தொலைந்துபோயிற்று. ஆகவே கொழும்பில் ஒரு வியாபாரி, இது ரயில்காரர் வைத்திருந்த துல்லியமான சாமான் என்று சொன்னபோது, மூடியைத் திறந்து காட்டச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

கிளிநொச்சிக்குக் கொண்டுவந்து திறந்தேன். நல்ல மணிக்கூடுகளில் தேய்மானத்தைக் குறைக்கப் பதிக்கும் மாணிக்கக் கல் மருந்துக்கும் ஒன்று இல்லை. அது ரொஸ்கோப் வகை: கூலித் தொழிலாளியும் வாங்கக்கூடியதாக 20 பிராங்க் விலையில் ஒரு மணிக்கூடு வேண்டும் என்று ஜோர்ஜ் பிரெடெரிக் ரொஸ்கோப் பாகங்களை 57 ஆகக் குறைத்து 1867 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அமைப்பின் வழிவந்தது. பற்சக்கரத்தைத் தடுத்துத் தடுத்து விடும் வேலையை, கற்களுக்குப் பதிலாக, இரண்டு உருக்கு ஊசிகள் செய்கின்றன. எஞ்சின் வெறும் அலங்காரம். ரொஸ்கோப்பின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் துல்லியத்தைத் தேடுபவர் பார்க்கவேண்டியது வேறிடம்.

அந்த இடம், இங்குமங்கும் ஆடி மணிக்கூட்டின் வேகத்தை முறைப்படுத்தும் சமநிலைச் சக்கரம். வெப்பம் ஏறும்போது, அதனோடு இணைந்த தலைமயிர் போன்ற மெல்லிய உருக்குச் சுருள்வில் தளர்ந்து மணிக்கூடு பிந்தத் தொடங்கும். இதை ஈடுசெய்யத்தான் நல்ல மணிக்கூடுகளில் சக்கரத்தின் விளிம்பை, உள்ளே உருக்கும் வெளியே பித்தளையுமாக ஒட்டி, இரண்டு இடங்களில் வெட்டிவிட்டிருப்பார்கள்; சூட்டில் பித்தளை அதிகமாக விரிய, வெட்டிய நுனிகள் உள்நோக்கி வளைந்து சக்கரத்தை விரைவாக ஆடச் செய்யும். பூதக்கண்ணாடியில் பார்த்தால், விளிம்பின் மஞ்சள் நிறமும் மயிரளவு வெட்டும் தெளிவாகத் தெரியும். எஞ்சிய சிறு பிழையையும் நிக்கல் கலந்த உருக்கினால் குறைக்க வழிசெய்தவர் சார்ல்ஸ் எதுவார் கியோம். நிக்கல் உருக்குக் கலவைகள் பற்றிய ஆய்வுக்காக 1920 இல் அவருக்குப் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவதாக ஓர் ஒமேகா வாங்கினேன். பியேல் நகரில் 1894 இல் செய்த ஓர் இயந்திரத்துக்கு இட்ட பெயர்தான் ஒமேகா. பிற்பாடு நிறுவனமே அந்தப் பெயரை ஏற்றது. இம்முறை உள்ளே பார்த்த பிறகே காசைக் கொடுத்தேன். காய்ந்து பிசினாகிப் போயிருந்த எண்ணெயைக் கழுவும்வரை சாவி கொடுக்கவில்லை. வறண்ட அச்சில் ஓடவிட்டால் அச்சு தேய்ந்துவிடும். பின்னர் சித்திரை மாதத்தில் ஒரு கிழமை, பகலில் தகரக் கூரையின் கீழும் இரவில் முற்றத்து மேசையிலும், படுக்க வைத்தும் நிமிர்த்தி வைத்தும் குறித்தேன். ஒரு நாளில் பதினொரு வினாடிக்கு மேல் அது பிசகவில்லை.

ரொஸ்கோப் குசினிச் சுவரில் தொங்குகிறது. நாளுக்கு நாலு நிமிடம் முந்தும். அம்மா கஞ்சி இறக்குவது அதைப் பார்த்துத்தான்.