ராத்திரி ஷிப்ட்: டெக்சஸ் கவுண்டி ஜெயிலில் ஒரு ஜூலை

ஜூலை 3, 2025, வியாழன்

நாளை அமெரிக்கச் சுதந்திர தினம். நீண்ட வார இறுதி வந்தாலே எங்கள் ஜெயிலின் புக்கிங் அறை, அதாவது கைதாகி வருபவர்களைப் பதிவு செய்யும் இடம், நிரம்பிவிடும். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய கேஸ்தான் அதிகம். இன்று காவல் வேலைக்கு என்னை அங்கே போட்டார்கள். பெண்களைச் சோதனையிட ஒரு பெண் வேண்டும், ராத்திரியில் நாங்கள் சிலர்தான்.

உடல் சோதனை, கைரேகை, போட்டோ. நகை, பணம், செருப்பு, போன் எல்லாவற்றையும் எழுதிப் பையில் போட்டு மூட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு கேள்வித்தாள்: முன்பு தற்கொலைக்கு முயன்றிருக்கிறாயா, இப்போது அந்த எண்ணம் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், என்ன போதை. டெக்சஸில் எந்தக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஜெயிலுக்குள் யார் வந்தாலும் இதைக் கேட்டே ஆக வேண்டும். கேள்வி முடியும் முன்பே "நோ, நோ, நோ" என்று பதில் வரும். கேட்பவரும் தலை நிமிராமல் டிக் அடித்துக்கொண்டே போனால் சட்டென்று முடிந்துவிடும். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்துத்தான் கேட்பேன். வரிசையில் காத்திருக்கும் போலீஸ்காரருக்கு எரிச்சல். இருக்கட்டுமே.

ஜூலை 5, சனி

ஊரில் இருந்து கேட்பவர்கள் எல்லோரும் கொலைகாரிகளோடு வேலை பார்ப்பதாகவே நினைக்கிறார்கள். இது கவுண்டி ஜெயில், ஏறக்குறைய நம்மூர்க் கிளைச்சிறை. பாளையங்கோட்டை மாதிரி பெரிய சிறைகள் இங்கே மாநிலத்தின் கையில் தனியாக இருக்கின்றன. எங்களிடம் இருப்பவர்களில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். இவர்களைக் காவலில் வைக்கலாம், தண்டிக்கக் கூடாது என்று 1979-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரும்புக் கட்டிலில் படுத்திருப்பவளுக்கு அந்த வித்தியாசம் தெரிகிறதா என்பது வேறு கதை.

நேற்று ராத்திரி வந்த ஒருத்தி, கடைத் திருட்டுக் கேஸ். பிடிபட்ட 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். காலையில் வீடியோவில் நிறுத்தினோம். ஜாமீன் 1,500 டாலர். முழுசாகக் கட்ட வேண்டியதில்லை, ஜாமீன் ஏஜென்ட்டிடம் பத்து சதவீதம் போல, 150 டாலர், கொடுத்தால் அவர் எடுத்துவிடுவார். அந்தப் பணம் திரும்பி வராது. சரி, அந்த 150-க்கு யாரைக் கூப்பிடுவது? நம்பர்கள் எல்லாம் போனுக்குள், போன் பைக்குள். மனப்பாடமாகத் தெரிந்தது முன்னாள் புருஷனின் நம்பர் ஒன்றுதான். "அவன்கிட்ட கேக்கறதுக்கு இங்கேயே கிடப்பேன் மிஸ்" என்கிறாள்.

பையை மூடும் முன் நம்பர்களை எழுதிக்கொள்ளச் சொல்வது என் பழக்கம். இவளை புக்கிங் செய்தது வேறு ஆள். சார்ஜெண்டிடம் கேட்டு, பையைத் திறந்து, அக்காவின் நம்பரை எடுத்துக் கொடுத்தேன். இதைப் படிக்கிற நீங்களும் யாராவது ஒருவர் நம்பரையாவது மனப்பாடம் செய்துவையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மறுபடியும் கட்டாய ஓவர்டைம். 48 கைதிக்கு ஓர் அதிகாரியாவது இருக்க வேண்டும் என்பது மாநில விதி. ஆள் குறைந்தால் வீட்டுக்குக் கிளம்பியவரை வாசலிலேயே பிடித்து நிறுத்துவார்கள்.

அம்மா போனில்: "ராத்திரி பூரா அவளுக என்னடி பண்ணுவாளுக?"

"தூங்குவாங்கம்மா."

"அப்ப ஒனக்கு என்ன வேல?"

"தூங்குறாங்களான்னு பாக்குறது."

தெருவில் எல்லோரிடமும் "அமெரிக்காவுல கவர்மெண்ட் உத்தியோகம்" என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறாள். பொய்யில்லை.

ஜூலை 10, வியாழன்

பாடில், அதாவது கைதிகள் சேர்ந்து தங்கும் பகுதியில், இன்று விருந்து. கேண்டீனில் வாங்கிய ராமென் நூடுல்ஸை நொறுக்கி, காரச் சிப்ஸ் பாக்கெட்டுக்குள் போட்டு, வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றி வைத்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் கெட்டியாகத் திரண்டு வரும். அதற்குப் பெயர் 'ஸ்ப்ரெட்'. கணக்கில் காசு இல்லாதவளுக்கும் ஒரு பங்கு போகும், சண்டை போட்டவளுக்குப் போகாது. யார் யாரோடு பேச்சு, யாரைத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று எந்த ரிப்போர்ட்டையும்விட இந்தச் சாப்பாட்டு மேசை எனக்குச் சொல்லிவிடும். விநியோகம் முடியும் வரை ஒருத்திக்கு மட்டும் பாக்கெட் நீளவில்லை என்றால் அன்று ராத்திரி அவள் அறைப் பக்கம் கூடுதலாக நடப்பேன்.

ஜூலை 13, ஞாயிறு

சாண்ட்ரா பிளாண்ட் இறந்து இன்றோடு பத்து வருஷம். இல்லினாய்ஸில் இருந்து, தான் படித்த பிரெய்ரி வியூ பல்கலைக்கழகத்திலேயே வேலைக்கு வந்த 28 வயதுப் பெண். 2015 ஜூலை 10 அன்று லேன் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று போலீஸ் நிறுத்தியது. வாக்குவாதம் முற்றிக் கைது. ஜாமீன் 5,000 டாலர், 500 இருந்தால் வெளியே வந்திருக்கலாம். மூன்றாம் நாள் காலை இதே டெக்சஸின் வாலர் கவுண்டி ஜெயில் அறையில் தூக்கில் கிடந்தார். முன்பு தற்கொலைக்கு முயன்றதை வந்த அன்றே சொல்லியிருந்தார், தாளிலும் பதிவாகியிருந்தது. மணிக்கு ஒரு முறை நேரில் பார்க்க வேண்டிய ரவுண்ட்ஸ் ஒழுங்காக நடக்கவில்லை என்று மாநிலச் சிறைத் தர ஆணையமே சொன்னது.

2017-ல் அவர் பெயரிலேயே சட்டம் வந்தது. ஜெயிலில் யார் இறந்தாலும் வெளி அமைப்புதான் விசாரிக்க வேண்டும், ரவுண்ட்ஸ் போனதற்கு மின்னணுச் சாட்சி வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. அதனால்தான் என் இடுப்பில் ஒரு கருவி. கதவருகே உள்ள பட்டனில் தொட்டால் நேரம் பதிவாகும். தற்கொலை அபாயம், மனநோய் என்று குறித்த அறைகளுக்கு 30 நிமிடத்துக்கு ஒரு முறை.

நான் கதவருகே நின்றேன் என்பதுதான் அந்தக் கருவிக்குத் தெரியும். உள்ளே பார்த்தேனா என்பது தெரியாது. போர்வையைத் தலைவரை இழுத்துப் படுத்திருப்பவளின் நெஞ்சு ஏறி இறங்குவது தெரியும் வரை நிற்க வேண்டும். தெரியவில்லையென்றால் டார்ச்சைக் கால் பக்கம் அடிப்பேன், அசையவில்லையென்றால் கதவைத் தட்டுவேன். தினமும் திட்டு வாங்குகிறேன். எழுந்து திட்டுகிறாள் என்றால் மூச்சு இருக்கிறது, அடுத்த கதவு.

ஜூலை 16, புதன்

விடிவதற்குள் 'செயின்'. தண்டனை பெற்றவர்களை மாநிலச் சிறைக்குக் கொண்டுபோகும் பஸ்ஸுக்கு அதுதான் பெயர். காகிதமெல்லாம் தயாராகிவிட்டால் 45 நாளுக்குள் மாநிலம் எடுத்துக்கொள்ள வேண்டும். போகிறவர்கள் எங்கே போகிறோம் என்று கேட்பதில்லை, அங்கே ஏசி உண்டா என்றுதான் கேட்கிறார்கள். கவுண்டி ஜெயிலுக்குள் 65-இல் இருந்து 85 டிகிரி பாரன்ஹீட்டுக்குள் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மாநிலச் சிறைகளுக்கு அந்த விதி இல்லை. அங்கே கைதிகள் தங்கும் பகுதிகளில் பெரும்பாலானவற்றில் ஏசி கிடையாது. அந்த வெக்கை அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்று இந்த மார்ச்சில் ஒரு கூட்டாட்சி நீதிபதி எழுதினார், ஆனால் உடனே ஏசி போடச் சொல்லி உத்தரவிடவில்லை. டெக்சஸ் ஜூலையில் ஒரு பெண்ணை, மாநிலத்தின் பெண்கள் சிறைகள் இருக்கும் கேட்ஸ்வில் பக்கம் அனுப்பும்போது "தண்ணி நிறையக் குடி" என்பதற்கு மேல் என்னிடம் சொல்ல எதுவும் இல்லை.

ஜூலை 19, சனி

ஜாமீன் காகிதம் எப்போது வருகிறதோ அப்போது விடுவிப்பு, நடுராத்திரியானாலும். இன்று ஒருத்தியை அதிகாலை இரண்டு மணிக்கு அனுப்பினோம். போனில் சார்ஜ் இல்லை, இந்தக் கவுண்டியில் பஸ்ஸும் இல்லை, ஹைவேக்கு நடந்தால் அரை மணி நேரம். எங்கள் ஜெயிலில் முன் லாபியில் விடியும் வரை உட்கார்ந்திருக்கலாம், சுவரில் சார்ஜரும் மாட்டலாம். யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் கேட்காதவளிடம் யாரும் சொல்லவும் மாட்டார்கள். பலகை ஒன்று வைக்கலாமே என்று போன மாதம் எழுதிக் கொடுத்தேன், "பார்க்கலாம்" என்று பதில் வந்தது. அதுவரை கையெழுத்து வாங்கும்போதே நான் சொல்லிவிடுகிறேன்.