பல மடங்கு வேகமாம்! தரவுத்தளம் வாங்கப் போய்ப் பட்ட பாடு

வண்ணார்பேட்டையில் மருந்து மொத்த விற்பனைக் கடை ஒன்றின் கணினி வேலை என் பொறுப்பு. பில், இருப்புக் கணக்கையெல்லாம் சேமித்து வைக்கும் மென்பொருளான தரவுத்தளம், இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ். அம்பாசமுத்திரம், வள்ளியூர், சங்கரன்கோவில் லைன் வண்டிகள் கிளம்பும் காலை நேரத்தில் மட்டும் பில் போடத் திணறும். அதைக் கேள்விப்பட்டு ஏஜென்ட் ஒருவர் வந்தார். தங்கள் தரவுத்தளம் பல மடங்கு வேகம் என்று வண்ணப் படம் போட்ட அறிக்கையைக் கடை முதலாளி அண்ணாச்சியிடம் நீட்டினார். விலையும் பல மடங்குதான். அதற்குப் படம் இல்லை.

எந்த இயந்திரம், எவ்வளவு தரவு, என்ன செட்டிங், எதுவும் அறிக்கையில் இல்லை. கேட்டால், "மதுரை அலுவலகத்துக்கு வாருங்கள் சார், எல்லாம் காட்டுகிறோம்" என்றார். போனேன். அதே அறிக்கையைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். செட்டிங் கோப்பு தலைமை அலுவலகத்தில் இருக்கிறதாம். பஸ் காசு போனதுதான் மிச்சம். கோப்பு மின்னஞ்சலில் வரும்வரை யாரும் பஸ் ஏறாதீர்கள்.

நச்சரித்த பிறகு வந்தது. 64 ஜிபி நினைவகம் உள்ள இயந்திரத்தில் போஸ்ட்கிரெஸை நிறுவியபடியே விட்டிருந்தார்கள். அடிக்கடி தேவைப்படும் தரவை நினைவகத்தில் கையருகே வைத்துக்கொள்ளும் அதன் இடையகம் வெறும் 128 எம்பி. தங்களுடையதை மட்டும் பார்த்துப் பார்த்துச் சீர் செய்திருந்தார்கள். ஒருவரைப் பட்டினி போட்டுவிட்டு மல்யுத்தம் நடத்திய கதை. தரவும் மொத்தமாக நினைவகத்தில் அடங்கும் அளவுதான். அதைவிட மோசம், அட்டவணையில் ஒரு சரக்குக்கு ஒன்றாக இருக்கும் எல்லா வரிகளையும் சமமாகத் தொட்டிருந்தார்கள். ஐப்பசி மழையில் காய்ச்சல் பரவும்போது எங்கள் கடையில் எல்லாக் கைகளும் ஒரே பாரசிட்டமால் பேட்சுக்குத்தான் போகும். அந்த ஒற்றை இருப்பு வரிக்கு நிற்கும் வரிசை அவர்கள் அளவீட்டில் இல்லவே இல்லை.

இது பழைய வியாதி. 1983இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் டிவிட் குழுவினர் செய்த அளவீட்டில் ஆரக்கிள் என்ற தரவுத்தளம் பின்தங்கியது. பிறகு, அனுமதியின்றி முடிவை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை அதன் உரிமத்தில் ஏறியது. மற்ற நிறுவனங்களும் பிடித்துக்கொண்டன. ஏஜென்டின் உரிமத்திலும் அது இருக்கிறது. அதனால்தான் இங்கே பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. தரவுத்தள வேகத்தை அளக்கப் பொது விதி வகுக்க 1988இல் தொடங்கிய டிபிசி அமைப்பின் டிபிசி-சி அளவீட்டில் விலையைச் சொல்ல வேண்டும், தணிக்கை உண்டு, புதிய ஆர்டர்களில் 90 சதவீதம் 5 விநாடிக்குள் முடிய வேண்டும், பழுது வந்தாலும் பதிவானது அழியவில்லை என்று நிரூபிக்க வேண்டும். "அப்படி ஒரு முடிவு உங்களிடம் உண்டா?" என்றேன். சிரித்தார்.

கடைசியில் சோதனைப் பதிப்பை எங்கள் இயந்திரத்திலேயே ஓட்டச் சம்மதித்தார்கள். எங்கள் தரவு, எங்கள் காலை நேரப் பில்கள், இரண்டுக்கும் ஒரே அளவு நினைவகம். அப்போதும் அவர்களுடையதே முந்தியது. ஏஜென்ட் உடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டுவிட்டார்.

அந்த வேகம் எனக்கு உறுத்தியது. 'பதிவாயிற்று' என்று பதில் வந்த பில் எண்களை இன்னொரு கணினியில் சேமிக்க வைத்து, நடுவில் மின் இணைப்பைப் பிடுங்கினேன். மீண்டும் இயக்கிப் பார்த்தால் கடைசிச் சில பில்களைக் காணவில்லை. வட்டில் எழுதும் முன்பே 'ஆயிற்று' என்று சொல்லும்படி அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள்! போஸ்ட்கிரெஸையும் அப்படி அமைக்கலாம். அமைத்துக் காட்டினேன், அதுவும் பறந்தது. இரண்டையும் ஒழுங்காக எழுத வைத்தபோது வித்தியாசம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

"பில் கடைக்காரர் கையில் இருக்கும், நம் கணக்கில் இருக்காது. அப்படித்தானே தம்பி?" என்றார் அண்ணாச்சி. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

காலைத் திணறலுக்குக் காரணம் தரவுத்தளமே அல்ல என்பதும் இந்தச் சோதனையில்தான் தெரிந்தது. வெளியே வாங்கிய பில் மென்பொருள், அச்சு முடியும்வரை இருப்பு வரியைப் பூட்டி வைத்திருந்தது. அதை எழுதிய நிறுவனத்தாரை நச்சரித்து, பதிவு முடிந்த பிறகே அச்சுக்குப் போகும்படி மாற்றினோம். இப்போது வள்ளியூர் வண்டி நேரத்துக்குக் கிளம்புகிறது. ஏஜென்டோ, அடுத்த பதிப்பு இன்னும் வேகம் என்கிறார். செட்டிங் கோப்போடு வரச் சொல்லியிருக்கிறேன்.