கம்பி கொஞ்சம் பருத்தால் போதும்

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். கம்பியில் மின்சாரம் விட்டால் சூடாகும், சூடானால் விரியும். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டாத வருடம் கிடையாது. இதே வித்தையை வைத்துத்தான் ஒருவர், வேற்றுச் சூரியன்களைச் சுற்றும் கோள்களைத் தேட நாசாவைச் சம்மதிக்க வைத்தார் என்று போன வாரம் படித்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கமே இல்லை.

அவர் பெயர் வில்லியம் பொரூக்கி. 1962-இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் சேர்ந்து, அப்போலோ விண்கலங்களின் வெப்பக் கவசத்துக்காக உழைத்தவர். முனைவர் பட்டம் வாங்கியவரில்லை. ஒரு கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது வெளிச்சம் துளி மங்கும், அதை அளந்தே கோளைப் பிடித்துவிடலாம் என்று 1984-லேயே ஆட்ரி சம்மர்ஸுடன் சேர்ந்து கட்டுரை எழுதினார். சரி, எவ்வளவு மங்கும்? சூரியனைப் பூமி கடந்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

1992, 1994, 1996, 1998. விண்ணுக்கு ஒரு தொலைநோக்கி அனுப்பி இப்படிக் கோள் தேடலாம் என்று நாசாவிடம் அவர் கொடுத்த திட்டம் நான்கு முறையும் திரும்பி வந்தது. என் சின்ன ஆய்வுத் திட்டம் இரண்டாம் முறை திரும்பியபோதே நான் கோப்பைக் கட்டி அலமாரியில் போட்டுவிட்டேன். அவர் விடவில்லை. ஆயிரக்கணக்கான விண்மீன்களை ஒரே நேரத்தில் அளக்க முடியுமா என்று கேட்டார்கள். லிக் வானாய்வகத்தில் ஒரு தொலைநோக்கி வைத்து அளந்து காட்டினார். விண்கலம் ஆடி அசைந்தாலும் அந்தத் துல்லியம் நிற்குமா என்றார்கள். அதற்குத்தான் கம்பி.

ஒரு உலோகத் தகட்டில் நுண்துளைகள் போட்டு, பின்னாலிருந்து வெளிச்சம் காட்டினார்கள். ஒவ்வொரு துளையும் ஒரு விண்மீன். சில துளைகளுக்குக் குறுக்கே மயிரிழை மாதிரிக் கம்பி. அதில் கொஞ்சம் மின்சாரம் விட்டால் கம்பி துளியூண்டு பருக்கும், அந்த அளவுக்கு வெளிச்சம் மறையும். அதுதான் கோள்! கருவி அந்த மங்கலையும் பிடித்துவிட்டது.

2001-இல் அனுமதி கிடைத்தது. 2009 மார்ச் 7 அன்று கெப்ளர் என்று பெயரிட்ட அந்தத் தொலைநோக்கி ஏவப்பட்டபோது அவருக்கு வயது 70. அப்புறம் அது கண்டுபிடித்த கோள்கள் 2,600-க்கும் மேல்.

நேற்று அலமாரியிலிருந்து என் கோப்பை இறக்கினேன். திருப்பி அனுப்பியவர்கள் எழுதிய குறிப்பை இந்த முறை நிதானமாகப் படித்தேன். அளவீட்டில் பிழை எவ்வளவு வரும் என்று கேட்டிருக்கிறார்கள். அதை அளந்து பார்க்க வேண்டிய சாமான் எல்லாம் எங்கள் ஆய்வகத்திலேயே இருக்கிறது.