மன்னார்குடியிலிருந்து பூம்பாறை வரை

மேட்டூர் அணை திறக்கும் வரை வயலில் பெரிய வேலை இல்லை என்பதால், மே மாத வெயிலுக்குத் தப்பி, தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல் வழியாகக் காரிலேயே குடும்பத்தோடு கொடைக்கானல் சென்று வந்தோம். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி அங்கு செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) நடைமுறையில் இருப்பதால், செல்ல நினைப்பவர்கள் முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நல்லது. 1863-இல் உருவாக்கப்பட்ட ஏரியையும், 1908-இல் தொடங்கப்பட்ட பிரையண்ட் பூங்காவையும் பார்த்தோம். கூட்டம் திருவாரூர்த் தேரோட்டத்திற்குக் குறைந்ததாக இல்லை.

என் மனம் நின்ற இடம் கொடைக்கானலை அடுத்த மலைக்கிராமமான பூம்பாறைதான். மலைச்சரிவை வெட்டி, கல் அடுக்கிக் கரை கட்டி, படிப்படியாக அமைத்த பாத்திகளில் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறார்கள். சமதளத்தில் அண்டை வெட்டி வரப்பு வைப்பதற்கே ஆள் தேடி அலையும் எங்களுக்கு அந்த உழைப்பின் கனம் உடனே புரிந்தது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டைத் தண்டோடு கட்டுகட்டாகக் கட்டி, புகை படியும்படி கொட்டகையில் தொங்கவிட்டிருந்தார்கள். அருகில் சென்றாலே காரநெடி மூக்கைத் துளைத்தது. அவ்வூர் முருகனான குழந்தை வேலப்பரைத் தரிசித்துவிட்டு, எங்கள் சமவெளியில் விதைக்கு ஆகாது என்று தெரிந்தும், ஒரு கட்டு வாங்கிக்கொண்டோம்.

சமவெளியிலேயே ஓட்டிப் பழகிய நம் ஊர்க்காரர்கள், மலையிறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாம் கியரிலேயே வாருங்கள்.