அடிக்கு முக்கால் அங்குலம்

நம் பள்ளியில் மாடல் விமானம் பறந்த அறுபது, எழுபதுகள் என்றதும் மூக்கில் ஏறுவது ஈதர் வாடைதான். என்.சி.சி. ஏர் விங்கில் கையால் வீசும் கிளைடர், ரப்பர் முறுக்கிவிடும் மாடல் எல்லாம் உண்டு. ஆனால் நிஜ விமானத்தை அச்சு அசலாகச் சிறிதாக்கிப் பறக்கவிட ஏற்றது, நடுவில் நிற்பவர் கையிலுள்ள ஹேண்டிலிலிருந்து இரு கம்பி வழியே இயக்க, அவரைச் சுற்றி வட்டமிடும் கண்ட்ரோல் லைன் மட்டுமே என்பது என் கட்சி. தானாகப் பறப்பது நிலைகுலையாமலிருக்க இறக்கைகளை மேல்நோக்கித் தூக்கிவைக்க வேண்டும், வாலைப் பெரிதாக்க வேண்டும். அதன்பின் அது எந்த விமானத்தின் ஜாடையிலும் இருக்காது. கம்பியில் கட்டினால் பக்கவாட்டுச் சாய்வைக் கம்பியே பார்த்துக்கொள்ளும். வரைபடத்தில் உள்ளபடி கட்டலாம்.

எச்.டி.-2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தயாரித்து, 1951-இல் முதலில் பறந்த பயிற்சி விமானம். இறக்கை 35 அடி 2 அங்குலம். அடிக்கு முக்கால் அங்குலம் என்று கணக்கிட்டால் மாடல் 26.4 அங்குலம்; 1.5 சி.சி. டீசல் என்ஜினுக்கு அளவான உடம்பு. சக்கரம் மடங்காது என்பதால் பாதித் தலைவலி குறைவு. நிஜத்தில் என்ஜின் தலைகீழாக இருக்கும். மாடலிலும் அப்படி வைத்தால் எரிபொருள் சிலிண்டர் தலையில் தேங்கி, ஸ்டார்ட் ஆவதற்குள் விரல் புண்ணாகிவிடும். படுக்கவைப்பதே மேல். சிலிண்டர் வெளியே துருத்தும்தான். போட்டியில் நடுவர் மார்க்கைக் குறைத்தால் குறைக்கட்டும்.

எரிபொருள்: ஈதர், விளக்கெண்ணெய், மண்ணெண்ணெய் சம பங்கு. முதலில் ஈதரில் விளக்கெண்ணெயைக் கரைத்து, பிறகுதான் மண்ணெண்ணெய். ஈதர் இல்லாமல் மற்ற இரண்டும் சரியாக ஒட்டாது. மூடி தளர்ந்த டப்பாவில் ஈதர் பறந்துபோய்க் கலவை கலங்கியிருந்தால், எத்தனை தட்டு தட்டினாலும் என்ஜின் அசையாது.

இந்த என்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது. அழுத்தச் சூட்டிலேயே பற்றும். காற்றுத் துளையை விரலால் மூடி, 8 அங்குல புரொப்பெல்லரை இரண்டு சுற்று சுற்றி, பிறகு சுண்ட வேண்டும். புரொப்பெல்லர் இறுகி நின்றால் உள்ளே எரிபொருள் நிரம்பிவிட்டது என்று பொருள். சிலிண்டர் தலையில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்ப்ரஷன் ஸ்குரூவை அரைத் திருகு தளர்த்தி, எரிபொருளை வெளியேற்ற வேண்டும். முரட்டுத்தனமாகச் சுண்டினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். ஓடும்போது விட்டு விட்டு வெடித்தால் அழுத்தம் போதவில்லை; முனகிக்கொண்டு வேகம் இறங்கினால் அழுத்தம் அதிகம்.

சுற்றுவது இடஞ்சுழியாக. இடது இறக்கை நுனி வழியே வரும் இரு கம்பிகளும் எடைமையத்துக்குச் சற்றுப் பின்னால் வெளிப்பட வேண்டும். வலது நுனியில் கால் அவுன்ஸ் ஈயம். மூக்கும், வாலில் செங்குத்தாக நிற்கும் ரடரும் இம்மி வெளிப்பக்கம் திரும்பியிருக்கட்டும். எல்லாம் கம்பி விறைப்பாக நிற்பதற்குத்தான். எடைமையம் இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து கால் பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால், மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டர் தொட்டாற்சிணுங்கியாகி, மாடல் குதிரைபோல் துள்ளும்.

கம்பி மாட்டியதும் ஹேண்டிலின் மேல்நுனியை நம் பக்கம் சாய்த்து, எலிவேட்டர் மேலே எழுகிறதா என்று பார்ப்பதை எந்த அவசரத்திலும் விடலாகாது. இரு கம்பியும் இடம் மாறியிருந்தால், மேலே இழுக்க இழுக்க மாடல் தரையில் குத்தும். பல வாரத்து உழைப்பு ஒரே விநாடியில் சுள்ளியாகும்.

40 அடிக் கம்பியில் ஒரு சுற்று 250 அடி. நாலைந்து விநாடியில் முடிந்துவிடும். தலை சுற்றாமலிருக்க மாடலை மட்டுமே பார்க்க வேண்டும். காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசும் இடத்தில் மாடலைக் கிளப்பினால் கம்பியை இழுத்தபடி எழும்பும். எதிர்ப்பாதியில் காற்று அதை நம்மை நோக்கித் தள்ளும். கம்பி தொய்ந்ததும் எலிவேட்டர் சொன்ன பேச்சு கேட்காது. பின்பக்கமாகவே நாலு எட்டு ஓடி இறுக்குவதுதான் வழி.

இறங்கியதும் விளக்கெண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காவிட்டால், டோப் என்னும் வார்னிஷ் போன்ற பூச்சு விட்டுப்போன இடமாகப் பார்த்து, மாடல் கட்டிய பால்சா என்னும் லேசான மரம் அதை உறிஞ்சிக் கனத்துப்போகும். கம்பியை உருளையில்தான் சுற்ற வேண்டும். மடிப்பு விழுந்த கம்பியை நிமிர்த்தி மறுபடி மாட்டக் கூடாது. அடுத்த முறை அந்த இடத்தில்தான் அறும்.